எந்த வாசலுக்குப் போகிறீர்கள்? – நிர்வாண சைக்கிள் பேரணி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், பிரைட்டன், போர்ட்லண்ட், தெசலோனிக்கி, மெல்பர்ன் முதலான நகரங்களில் உலக நிர்வாண சைக்கிள் பேரணியை நடத்திவரும் அன்பர்களுக்கு,



லண்டனில் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் தமிழன் நான். உங்கள் பேரணியில் ஒருமுறைகூடக் கலந்துகொண்டதில்லை. இனிமேல் கலந்துகொள்வேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஜூன் மாதத்துச் சனிக்கிழமைகளில் பிக்காடிலி நடைபாதையில் நின்று உங்களுக்குக் கை தட்டியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பேரணி முடிந்த அன்று மாலையே அதன் வீடியோ எங்கள் ஊர்ச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. "கலி முத்திப்போச்சு" என்று ஒருவர் எழுதுவார். "வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்ல" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போடுவார். இவர்கள் எதற்காக இப்படிப் போகிறார்கள் என்று அந்தக் குழுவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மடலின் சாரமே அதுதான். உங்களைப் பார்த்தவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்தவர்கள் பெருகவில்லை. ஆகவே எங்கள் ஆட்களும் இதைப் படிக்கட்டும், நீங்களும் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குள் இப்போது ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பேரணி இனி வளருமா, தேயுமா? சில நகரங்களில் கூட்டம் பெருகியது, சில நகரங்களில் நடத்த ஆள் இல்லாமல் நின்றுபோனது. இன்னும் இருபது ஆண்டு கழித்து இது ஊருக்கு ஊர் நடக்கும் திருவிழாவாக இருக்குமா, பழைய புகைப்படமாக இருக்குமா? எனக்குத் தோன்றிய விடையைச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கடந்துவந்த தூரத்தை எங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

2001இல் ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் சைக்கிள்காரர்கள் சிலர் உடை இல்லாமல் தெருவில் இறங்கினார்கள். கனடாவின் வான்கூவரில் கான்ராட் ஷ்மிட் என்பவரும் அவருடைய நண்பர்களும் எண்ணெய்க்கும் போருக்கும் காருக்கும் எதிராக இதே வழியை யோசித்தார்கள். இரண்டு பக்கமும் கைகோத்ததில் 2004 ஜூன் 12 அன்று முதல் உலகப் பேரணி நடந்தது: 10 நாடுகள், 28 நகரங்கள். அன்றைக்கு லண்டனில் வந்தவர்கள் 58 பேர். அமெரிக்காவின் போர்ட்லண்டில் நூற்றுச் சொச்சம். ஆறே ஆண்டுகளில் 17 நாடுகளில் 70க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பரவியது. லண்டன் ஆயிரத்தைத் தாண்டியது. போர்ட்லண்ட் சில ஆண்டுகளில் பத்தாயிரத்தை எட்டியது. வடபாதி உலகத்தில் ஜூன், தென்பாதியில் பிப்ரவரி, மார்ச் என்று வெயிலுக்கு ஏற்றபடி நாளும் அமைந்தது. எவ்வளவு களைவது என்பது அவரவர் விருப்பம், முழு உடையோடு வருகிறவருக்கும் இடம் உண்டு என்ற உங்கள் விதி, கூச்சமுள்ளவர்களையும் உள்ளே அழைத்தது.

ஏன் நிர்வாணம் என்பதற்கு நீங்கள் சொன்ன காரணமும் வலுவானது. ஒன்றரை டன் இரும்புக்கு நடுவே சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத் தோல்தான் கவசம். சட்டை போட்டிருந்தாலும் அவன் நிலைமை அதுதான். அதைச் சட்டையைக் கழற்றிக் காட்டினீர்கள். "இப்போதாவது கண்ணுக்குத் தெரிகிறேனா?" என்று முதுகில் எழுதிக்கொண்டு போகிறவரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு லாரி என் முழங்கையை உரசுகிற தூரத்தில் கடந்து போனபோது அதே வாசகம்தான் நினைவுக்கு வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். இதைச் சொல்ல உங்கள் உடம்பைத் தவிர வேறு விளம்பரப் பலகை உங்களிடம் இல்லை என்றால், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் உங்களுக்கு முதல் ஆபத்து சட்டம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்தில் பாலியல் குற்றங்கள் சட்டம், 2003 நடைமுறைக்கு வந்தது 2004 மே மாதத்தில், அதாவது உங்கள் முதல் பேரணிக்கு ஒரு மாதம் முன்பு. அதன் 66ஆவது பிரிவு, பிறரை அச்சுறுத்தும் அல்லது மனம் பதறவைக்கும் நோக்கத்தோடு அந்தரங்க உறுப்பைக் காட்டுவதைத்தான் குற்றம் என்கிறது. நோக்கம் இல்லாத வெறும் நிர்வாணம் அதில் வராது. போர்ட்லண்டில் 2008ஆம் ஆண்டு உடையின்றிச் சைக்கிள் ஓட்டிய ஒருவர்மேல் வந்த வழக்கைத் தள்ளிய நீதிபதி, இந்த ஊரில் இது வேரூன்றிவிட்ட மரபு, ஓர் அடையாளப் போராட்டம் என்றார். நியூசிலாந்தில் இதே போன்ற வழக்கில் கீழ்நீதிமன்றம் கொடுத்த தண்டனையை 2010இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சான் பிரான்சிஸ்கோவில் பொது இட நிர்வாணத்துக்கான தடை 2013இல் நடைமுறைக்கு வந்தபோதுகூட, அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு விலக்கு இருந்தது. மறுபக்கமும் உண்டு. பார்சிலோனா 2011இல் அபராதம் கொண்டுவந்தது. பிரான்ஸில் குற்றவியல் சட்டத்தின் 222-32ஆவது பிரிவைக் காட்டிப் பேரணிக்குத் தடை ஆணைகள் வந்தன. மொத்தத்தில் சட்டம் உங்களைப் பல இடங்களில் பொறுத்துக்கொண்டது, சில இடங்களில் தடுத்தது, மொத்தமாக ஒழித்துக்கட்டவில்லை.

ஊர் ஒழுக்கம்? அதுவும் நீங்கள் பயந்த அளவுக்கு எதிர்க்கவில்லை. பிக்காடிலியில் நான் கண்டதைச் சொல்கிறேன். முதலில் மணிச்சத்தம் கேட்கும். பிறகு வெயில் தடுப்புக் களிம்பின் வாசனை வரும். அதற்கப்புறம்தான் ஆட்கள் தெரிவார்கள். தலையில் ஹெல்மெட், காலில் சாக்ஸும் ஷூவும், இருக்கையின்மேல் மடித்துப் போட்ட துண்டு, நடுவில் ஒன்றும் இல்லாத ஒரு பெரியவர், பக்கத்தில் வருகிற பெண்ணோடு கியர் மாற்றுவதைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டு போவார். உடம்பெல்லாம் பச்சை வண்ணம் பூசி முதுகில் இலை வரைந்த ஒருவர், சங்கிலி கழன்றதால் ஓரமாக நிறுத்தி, விரல் கறையைத் துடைக்கத் துணி இல்லாமல் விழிப்பார். சந்திப்பில் உங்கள் தொண்டர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக் கார்களைத் தடுத்துக்கொண்டு, ஓட்டுநர்களிடம் "இரண்டே நிமிடம், நன்றி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். டாக்ஸிக்காரர் ஸ்டியரிங்கில் கன்னத்தைச் சாய்த்துக் காத்திருப்பார். முதல் இருபது உடம்பைப் பார்க்கும்வரைதான் கூட்டத்துக்குத் திடுக்கிடல். அதற்கு மேல் எல்லாம் தொப்பை, முதுகு, முழங்கால். எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் பெரியவர்கள் கோவணத்தோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பாட்டி, கையிலிருந்த சான்ட்விச்சைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அந்தப் பாட்டியைத் தவிர மற்ற எல்லோர் கையிலும் இருந்தது. கூரையில்லாத சுற்றுலாப் பேருந்தின் மேல்தளத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட உங்களைக் கண்ணால் பார்க்கவில்லை, போன் வழியாகத்தான் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் கோடைவா சீமாட்டி கதை உண்டு. பதினோராம் நூற்றாண்டில் கணவன் போட்ட கொடிய வரியை நீக்குவதற்காக அவள் கோவென்ட்ரி நகரத் தெருக்களில் உடையின்றிக் குதிரையில் போனாள் என்றும், ஊர் மக்கள் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு அவள் மானத்தைக் காத்தார்கள் என்றும் சொல்வார்கள். எட்டிப்பார்த்த ஒரே ஆளை நூற்றாண்டுகளாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்று ஊரே எட்டிப்பார்க்கிறது, பதிவும் செய்கிறது. நீங்கள் தொடங்கிய அதே 2004ஆம் ஆண்டின் பிப்ரவரியில்தான் பேஸ்புக் பிறந்தது. யூடியூப் வந்தது 2005, ஐபோன் 2007. ஒரு மத்தியானம் நிர்வாணமாகத் தெருவில் போய்விட்டு, திங்கட்கிழமை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் உட்காரக்கூடிய காலத்தின் கடைசி ஆண்டுகளில் உங்கள் பேரணி பிறந்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஒரு படத்தைக் கொடுத்தால் அந்த முகம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித்தரும் சேவைகள் இன்று யாருக்கும் கிடைக்கின்றன. லண்டன் பெருநகரக் காவல்துறை முகங்களை நேரடியாக அடையாளம் காணும் கேமராக்களை 2020இலிருந்து தெருவில் பயன்படுத்துகிறது. 2021இல் பிலடெல்பியா பேரணி, உடை வேண்டாம், ஆனால் கொரோனா முகக்கவசம் வேண்டும் என்று அறிவித்தபோது உலகமே சிரித்தது. வருங்காலத்தில் அந்த விதிதான் நிலைக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பை மூடாதவர்கள்கூட முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள்.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. நல்லெண்ணத்தோடு எடுத்த படத்தைப் பெரிய சமூக ஊடகங்கள் நிர்வாணம் என்று சொல்லி நீக்கிவிடுகின்றன. கெட்ட எண்ணத்தோடு எடுத்த படம் வேறு தளங்களில் என்றைக்கும் கிடக்கிறது. நீங்கள் பரப்ப விரும்புவது பரவுவதில்லை. மறைக்க விரும்புவது மறைவதில்லை.

இதனால் யார் வராமல் போகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கூட்டத்தில் ஆண்கள் அதிகம், அதிலும் நடுவயதைத் தாண்டிய வெள்ளை ஆண்கள் அதிகம். பெண்கள் வராததற்குக் காரணம் கூச்சம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கேமராவோடு ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருக்கிற ஆட்களைப் பார்த்த பிறகு அதைக் கூச்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களைப் போல் வந்தேறியவர்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. விசா புதுப்பிக்கும் படிவத்தில் காவல்துறை எச்சரிக்கை ஏதும் உண்டா என்று கேட்பார்கள். ஆசிரியர், செவிலியர், குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவர் என்றால் பின்னணிச் சோதனை உண்டு. ஊரில் அப்பா அம்மா கைக்கு அந்த வீடியோ போய்ச் சேரும். சட்டப்படி குற்றம் இல்லை என்ற ஒரு வரியை நம்பி இத்தனையையும் பணயம் வைக்க அவர்களால் முடியாது. விடியற்காலையில் இருட்டோடு சைக்கிளில் உணவு விநியோகத்துக்கும் அலுவலகம் துடைக்கவும் போகிறவர்களில் பலர் இப்படி வந்தேறியவர்கள்தான். சாலையில் மிகவும் பாதுகாப்பற்றவர்களுக்கு உங்கள் பேரணியில் இடம் இருக்கிறது, வர வழி இல்லை.

இனி மடலின் நெஞ்சான விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் பெருகினால் நோக்கம் நிறைவேறும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். இரண்டு நகரங்களை எடுத்துக்கொள்வோம்.

போர்ட்லண்ட் உங்கள் தலைநகரம். ஊரே அதைக் கொண்டாடுகிறது. 2013இல் அங்குள்ள கலை அருங்காட்சியகம், சைக்கிள் கண்காட்சி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த சமயத்தில், பேரணி நாளன்று வருகிறவர்களிடம் உடம்பில் இருக்கும் ஓர் உடைக்கு ஒரு டாலர் என்று நுழைவுக் கட்டணம் வாங்கியது. ஒன்றும் உடுத்தாதவருக்கு இலவசம். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் பங்கு 2014 வாக்கில் 7 சதவீதத்தைத் தொட்டது. 2022இல் 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் ஒரு காரணம், உண்மைதான். ஆனால் தொற்று வருவதற்கு முன்பே சரிவு தொடங்கியிருந்தது. உலகத்தின் மிகப்பெரிய நிர்வாண சைக்கிள் பேரணி ஆண்டுதோறும் அந்தத் தெருக்களில்தான் போய்க்கொண்டிருந்தது.

பாரிஸில் உங்களுக்குக் கதவு அடைப்பு. ஆனால் அதே நகரத்துக்குள் இன்று நடக்கும் பயணங்களில் சைக்கிளின் பங்கு 11 சதவீதத்துக்கு மேல், காரின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழ் என்று 2024இல் வெளியான கணக்கெடுப்பு சொன்னது. மேயர் ஆன் இதால்கோ காலத்தில் சேன் நதிக்கரைச் சாலையில் கார்களை நிறுத்தினார்கள். ரிவோலி தெருவைச் சைக்கிளுக்குத் திறந்தார்கள். பள்ளிக்கூட வாசல்களில் வண்டி போகாத தெருக்களை உருவாக்கினார்கள். இதற்கெல்லாம் ஒருவரும் உடையைக் களைய வேண்டியிருக்கவில்லை.

நிர்வாணம் வீண் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது. அது என்ன என்பதற்கு லண்டனிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் ஆறு சைக்கிள்காரர்கள் இந்த நகரத்துச் சாலைகளில் செத்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குளிரில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிளாக்ஃப்ரையர்ஸ் சாலையில் இருக்கும் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் அலுவலக வாசலில் சைக்கிள்களைக் கிடத்தித் தாங்களும் சாலையில் படுத்தார்கள். கோட்டும் மஃப்ளரும் போட்டுக்கொண்டுதான் படுத்தார்கள். இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார்கள். பட்ஜெட்டில் சைக்கிளுக்கு இத்தனை பங்கு வேண்டும் என்று எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள். 2016இல் அதே பிளாக்ஃப்ரையர்ஸ் சாலையில் கற்கட்டு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. அந்தப் போராட்டம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். திட்டம் முன்பே காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் வாசற்படியில் கிடந்த ஆட்களைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது. உங்களுக்கு வழித்தடம் இருக்கிறது, வாசல் இல்லை. டவர் ஹில்லிலும் ரீஜண்ட்ஸ் பார்க்கிலும் கிளாப்பமிலும் கிளம்பி, பாராளுமன்றத்தைச் சுற்றி, ஹைடு பார்க் முனையில் வெலிங்டன் வளைவருகே ஒன்றுகூடிக் கலைகிறீர்கள். அங்கே உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யாருமே இல்லை.

எங்கள் பக்கத்து நிர்வாணத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உங்கள் முதல் பேரணி 2004 ஜூன் 12. அதற்கு ஒரு மாதம் கழித்து, ஜூலை 15 அன்று, மணிப்பூரின் இம்பாலில் பன்னிரண்டு தாய்மார்கள் காங்லா கோட்டை வாசலில் நிர்வாணமாக நின்றார்கள். அசாம் ரைபிள்ஸ் படை பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா என்ற இளம்பெண் பிணமாகக் கிடந்ததுதான் காரணம். அந்தப் படை அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தது. அடுத்த மாதமே இம்பால் நகரப் பகுதியில் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில் படை கோட்டையைக் காலி செய்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனை என்ற பெரிய கோரிக்கை நிறைவேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டு விவசாயிகள் சிலர், டெல்லியில் பல வாரம் போராடியும் பிரதமரைப் பார்க்க முடியாமல், அவர் அலுவலகம் இருக்கும் பகுதியில் ஆடையைக் களைந்து ஓடினார்கள். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி என்று அவர்கள் கேட்டது நாடு முழுக்கத் தெரிந்தது. கேட்டது முழுதாகக் கிடைத்ததா என்பது வேறு விஷயம். யாரிடம், எதற்காக என்பதில் ஒரு குழந்தைக்குக்கூடச் சந்தேகம் இருக்கவில்லை.

அவர்களுடைய நிர்வாணத்தில் கொண்டாட்டம் இல்லை, உங்களுடையதில் துயரம் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் ஆகாது. சிரித்துக்கொண்டே போராட உங்களுக்கு உரிமை உண்டு. போராட்டம் என்றால் முகம் கறுத்துத்தான் இருக்க வேண்டுமா என்ன? ஆனால் யாரிடம், எதற்காக என்ற இரண்டு கேள்விக்கும் விடை இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் மிஞ்சுவது வேடிக்கை. வேடிக்கைக்குப் புதுமை தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்துவிடும்.

இது வெறும் உபதேசம் இல்லை என்பதற்கு உங்கள் போர்ட்லண்டே சாட்சி. 2025 கோடையில் அங்கே பேரணி நடக்கவில்லை. நடத்துகிறவர்கள் ஓராண்டு இடைவெளி வேண்டும், திட்டமிட நேரம் வேண்டும் என்று நிறுத்திவைத்தார்கள். அந்த நகரத்துக்குத் தேசியக் காவல் படையை அனுப்ப டிரம்ப் அரசு முனைந்ததும், அக்டோபர் 12 அன்று அவசர நிர்வாணப் பேரணி என்று அழைப்பு விடுத்தார்கள். அன்று மழை, குளிர். கோடை வெயிலில் நடத்த முடியாமல் நின்றிருந்த பேரணிக்கு இலையுதிர்கால மழையில் ஆட்கள் வந்தார்கள். நேரே குடியேற்ற அமலாக்கத் துறையின் கட்டடத்துக்குப் போனார்கள். கோரிக்கை சைக்கிளைப் பற்றியது இல்லைதான். ஆனால் போக வேண்டிய வாசல் தெரிந்ததும் கூட்டம் தானாகச் சேர்ந்தது. இந்தப் பேரணிகளின் எதிர்காலம் பற்றி யார் என்ன ஆரூடம் சொன்னாலும், இந்த ஒரு நாளைவிடத் தெளிவான சான்று வேறு கிடைக்காது.

உங்கள் பழைய முழக்கத்துக்கும் வயதாகிவிட்டது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2004இல் ஈராக் போர் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் வேண்டாம் என்றால் போர் வேண்டாம் என்று எல்லோருக்கும் புரிந்தது. இன்று என் தெருவில் நிற்கும் கார்களில் பல மின்சாரக் கார்கள். அவற்றின் சொந்தக்காரரிடம் புகையைப் பற்றிப் பேசினால், "நானும் உன் கட்சிதான்" என்பார். அவருடைய வண்டியில் புகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியின் பாரத்தால் அது அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட எடை கூடியது. என்மேல் மோதினால் எனக்கு எந்தச் சலுகையும் கிடையாது. எண்ணெயை விட்டுவிட்டு வேகம், எடை, இடம் என்ற மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த இருபது ஆண்டுக்கான சண்டை அங்கேதான் இருக்கிறது.

என் கணிப்பு இதுதான். உலகம் முழுக்க நூறு நகரம், இருநூறு நகரம் என்று இது பெருகாது. சிறிய நகரங்களில் பல நின்றுபோகும். நடத்துகிறவர்களுக்கு வயதாகும், இளைஞர்கள் கேமராவுக்குப் பயந்து வரமாட்டார்கள். லண்டன், பிரைட்டன், போர்ட்லண்ட், மெக்ஸிகோ நகரம், தெசலோனிக்கி போன்ற சில இடங்களில் ஊர் மரபாக நிற்கும். அங்கேயும் உடல்வண்ணமும் முகமூடியும் கூடி, முழு நிர்வாணம் குறையும். சியாட்டிலின் ஃப்ரீமான்ட் கோடைவிழாவில் சைக்கிள்காரர்கள் உடம்பு முழுக்க ஓவியம் தீட்டிக்கொண்டு வருவதுபோல், பார்க்க அழகான, யாருக்கும் தொந்தரவில்லாத ஊர்வலமாக ஆகிவிடலாம். சுற்றுலாத் துறைக்கு அது பிடிக்கும். போக்குவரத்துத் துறைக்கு அதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அழகான ஊர்வலத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. இந்த முடிவு உங்களுக்குச் சம்மதமா?

சம்மதம் இல்லை என்றால், நடைபாதையில் நிற்கிறவனாக நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு ஒரு கோரிக்கை, ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் நகரத்தில் சைக்கிள்காரர்கள் அதிகமாக அடிபடுகிற சந்திப்பு எது என்று உங்களுக்கே தெரியும். செத்தவர்களின் நினைவாக வெள்ளை வண்ணம் பூசி வைத்த சைக்கிள்கள் அதை ஊருக்கும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சந்திப்பின் பெயரை ஒவ்வொருவர் முதுகிலும் எழுதுங்கள். அதைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ள அலுவலகத்தின் முன் பேரணியை முடியுங்கள். சனிக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும் என்பீர்கள். வெள்ளிக்கிழமை நடத்துங்கள். அடுத்த ஆண்டுப் பேரணியின் அழைப்பில், போன ஆண்டு கேட்டது என்ன ஆயிற்று என்று முதல் வரியில் எழுதுங்கள்.

இரண்டாவது, படம் எடுப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். தெருவில் போகிறவனின் போனை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் கிளம்பும் இடமும் முடியும் இடமும் உங்கள் கையில் இருக்கின்றன. உடை களைவதும் உடுத்துவதும் அங்கேதான், மோசமான படங்கள் எடுக்கப்படுவதும் அங்கேதான். அங்கே அனுமதி பெற்ற படக்காரர் தவிர மற்றவருக்கு இடம் கொடுக்காதீர்கள். முகமூடியை வெட்கக்கேடாக நினைக்காமல், ஹெல்மெட்டைப் போல் ஒரு பாதுகாப்புச் சாதனமாக வழங்குங்கள்.

மூன்றாவது, பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பேரணியில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில் 2023ஆம் ஆண்டுப் பேரணியில் ஒரு சிறுமி கலந்துகொண்டதும், அது சட்டமன்றம்வரை போனதும் உங்களுக்குத் தெரியும். எதிர்த்தவர்களில் பலருக்குச் சைக்கிளே பிடிக்காது என்பது உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் தன் படம் முப்பது ஆண்டுக்குப் பிறகு எங்கே கிடக்கும் என்பதற்கு ஒரு குழந்தையால் சம்மதம் சொல்ல முடியாது. இதில் விவாதத்துக்கே இடம் இல்லை.

நான்காவது, உடையோடு வருகிறவர்களுக்குப் பேரணியின் முன்வரிசையைக் கொடுங்கள். உங்கள் விதி அவர்களை அனுமதிக்கிறது, உங்கள் கூட்டம் அவர்களை விருந்தாளியைப் போல் ஓரத்தில் வைக்கிறது. உணவு விநியோகம் செய்கிற வங்காளத்துப் பையன் தன் வேலைச் சட்டையோடும் முதுகுப் பெட்டியோடும் முன்னால் வரட்டும். தலையில் முக்காடு போட்ட பெண் வரட்டும். மகனைப் பின்னிருக்கையில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் என் பக்கத்து வீட்டு அக்கா, அந்த ஒருநாள் மகனை வீட்டில் விட்டுவிட்டுப் புடவையோடு வரட்டும். அவர்களுக்குப் பின்னால் நீங்கள் நிர்வாணமாக வாருங்கள். உடுத்தியவரும் உடுத்தாதவரும் ஒரே காருக்கு முன்னால் ஒரே அளவுக்குப் பாதுகாப்பற்றவர்கள் என்பதை, இருபது ஆண்டாக நீங்கள் சொல்லவரும் அந்த உண்மையை, அதைவிடத் தெளிவாக எப்படிக் காட்ட முடியும்?

அப்படி ஒரு பேரணி வந்தால், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வரும்போது, இது எந்தச் சந்திப்புக்காக நடந்தது என்று பதில் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வருகிற ஜூனில் எத்தனை பேர் வருவார்கள் என்று உங்கள் கூட்டத்தில் கேள்வி எழும். அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்கு முடிவு எடுங்கள்: இந்த முறை யாருடைய வாசலுக்குப் போகப்போகிறோம்?

இப்படிக்கு,
பிக்காடிலி நடைபாதையிலிருந்து
ஒரு சைக்கிள்காரன்